தொலைதூரச் செயல்மிகு கேலக்ஸிகளை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த ‘அல்ட்ரா டீப் ஃபீல்ட்’ படத்தை இணையத்தில் தேடி, பெரிதாக்கிப் பாருங்கள். முழுநிலவின் விட்டத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள வானத் துண்டு அது. அதற்குள் ஏறக்குறைய 10,000 கேலக்ஸிகள் இருக்கின்றன. சிலவற்றில் சுருள் கைகள்கூடத் தெரியும். பெரும்பாலானவை வெறும் புள்ளிகள், கறைகள். இந்தப் புள்ளிகளில் சிலவற்றின் நடுவே ராட்சதக் கருந்துளை ஒன்று வாயுவை இழுத்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. எந்தப் புள்ளிகளில் என்று இந்த ஒரு படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க, அதே வானத் துண்டை எக்ஸ்-கதிர், அகச்சிவப்பு, ரேடியோ என்று பல அலைநீளங்களில் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் அத்தனை அலைநீளங்கள், ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

முதலில், செயல்மிகு கேலக்ஸி என்றால் என்ன? பெரிய கேலக்ஸிகள் ஏறக்குறைய எல்லாவற்றின் மையத்திலும் கருந்துளை உண்டு. நம் பால்வீதியின் மையத்தில் இருப்பது சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. அது இப்போது கிட்டத்தட்டப் பட்டினி கிடக்கிறது. அதனால் அமைதியாக இருக்கிறது. கருந்துளைக்கு அருகில் நிறைய வாயு வந்து சேர்ந்தால் கதை மாறிவிடும். வாயு நேராக உள்ளே விழாது. சுற்றிச் சுற்றி ஒரு தட்டு போல அமையும். தட்டில் உள்ள வாயு உராய்ந்து, சூடேறி, கண்ணைப் பறிக்கும் அளவுக்கு ஒளிரும். மையம் இப்படி ஒளிரும் கேலக்ஸிதான் செயல்மிகு கேலக்ஸி. கருந்துளையிலிருந்து ஒளி வெளியே வராது. நாம் பார்ப்பது, உள்ளே விழுவதற்கு முன் அந்த வாயு வெளியிடும் ஒளியை.

இந்த ஒளி எவ்வளவு என்று புரிந்துகொள்ள ஓர் எண் போதும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, எரிபொருளின் நிறையில் சுமார் 0.7 சதவீதம் ஆற்றலாக மாறுகிறது. கருந்துளையைச் சுற்றிய தட்டில் இது 10 சதவீதம் அளவுக்குப் போகலாம். அதனால்தான் சூரியக் குடும்பத்தின் அளவை ஒத்த ஓர் இடம், கோடிக்கணக்கான விண்மீன்கள் உள்ள கேலக்ஸியையே ஒளியில் மிஞ்சிவிட முடிகிறது.

தட்டு மட்டும் இருந்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அதைச் சுற்றி வேறு பல பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு அலைநீளத்தில் ஒளிர்கிறது. தட்டு பெரும்பாலும் புற ஊதாவிலும் நாம் காணும் ஒளியிலும் ஒளிர்கிறது. தட்டின் உட்பகுதிக்கு அருகே மிகச் சூடான, மெல்லிய வாயு இருக்கிறது. கொரோனா எனப்படும் அந்தப் பகுதியில் ஒளித்துகள்கள் எலக்ட்ரான்களோடு மோதி எக்ஸ்-கதிர்களாக உயர்கின்றன. சற்றுத் தள்ளி வேகமாகச் சுழலும் வாயு மேகங்கள். அதற்கும் வெளியே தடித்த தூசி வளையம். அது உள்ளிருந்து வரும் ஒளியை உறிஞ்சி அகச்சிவப்பில் திருப்பி உமிழ்கிறது. சிலவற்றில் மட்டும், தட்டுக்குச் செங்குத்தாக இரு பக்கமும் துகள்கள் தாரைகளாகப் பீறிட்டு, லட்சக்கணக்கான ஒளியாண்டு தூரம்கூடப் போகும். அவை ரேடியோவில் ஒளிரும்.

இந்தத் தூசி வளையத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, அது தட்டை முழுவதுமாக மறைத்துவிடலாம். இந்தத் துறையின் பாதித் தலைவலி அங்கிருந்துதான் வருகிறது.

3சி 273: முதல் துப்பறிதல்

பல அலைநீளங்களைச் சேர்த்துப் பார்ப்பது நவீனக் கருவிகளோடு வந்த யோசனை அல்ல. விண்மீன் போல ஒரு புள்ளியாகத் தெரியும் அளவுக்கு மையம் மிகப் பிரகாசமான செயல்மிகு கேலக்ஸியைக் குவேசார் என்கிறோம். அந்த வகையே அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1959-இல் வெளியான மூன்றாவது கேம்பிரிட்ஜ் ரேடியோ பட்டியலில் 273 என்ற எண்ணில் ஒரு ரேடியோ மூலம் இருந்தது. ரேடியோவில் பிரகாசம். ஆனால் அன்றைய ரேடியோ தொலைநோக்கிகளால் அதன் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. வானில் எந்தப் பொருளிலிருந்து அது வருகிறது என்று தெரியாமல் இருந்தது.

1962-இல் நிலவு அந்த இடத்தைக் கடந்து போனது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு சிரில் ஹசார்டும் அவருடன் பணியாற்றியவர்களும், ரேடியோ சமிக்ஞை நிலவின் விளிம்பில் மறைந்த நொடியையும் மீண்டும் தோன்றிய நொடியையும் குறித்துக்கொண்டார்கள். நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். அதிலிருந்து மூலத்தின் இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் சாதாரண நீல விண்மீன் போல ஒன்று இருந்தது, பக்கத்தில் மெல்லிய ஒரு கீற்றோடு.

மார்ட்டன் ஷ்மிட் பாலோமர் மலையில் இருந்த 200 அங்குலத் தொலைநோக்கியால் அந்த ‘விண்மீனின்’ நிறமாலையை, அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பட்டையை, எடுத்தார். அதில் பிரகாசமாகத் தெரிந்த உமிழ்வுக் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 1963-இல் அவருக்குப் புரிந்தது: அவை சாதாரண ஹைட்ரஜன் கோடுகள்தான். ஆனால் எல்லாமே சுமார் 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதையே செம்பெயர்ச்சி என்கிறோம். அந்த 16 சதவீதத்துக்கு என்ன பொருள்? அது நம் கேலக்ஸியில் உள்ள விண்மீனே இல்லை. சுமார் 240 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒன்று. அவ்வளவு தொலைவில் இருந்தும் சிறிய தொலைநோக்கியில் தெரிகிறது என்றால், அது ஒரு முழுக் கேலக்ஸியை விடப் பல மடங்கு பிரகாசமாக இருந்தாக வேண்டும்.

இன்றைக்கும் இதே மூன்று படிகள்தான். ஓர் அலைநீளத்தில் சந்தேகம் எழும், இன்னொன்றில் இடம் உறுதியாகும், நிறமாலை தொலைவைச் சொல்லும். கருவிகள் மாறின, முறை மாறவில்லை.

ஒவ்வோர் அலைநீளமும் சொல்வது

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நம்பகமான அடையாளம் நிறமாலைதான். கருந்துளைக்கு அருகே மேகங்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதால், அவற்றின் உமிழ்வுக் கோடுகள் அகன்று பரவித் தெரியும். 1943-இலேயே கார்ல் சேஃபர்ட் அருகில் உள்ள சில கேலக்ஸிகளின் மையத்தில் இப்படிப்பட்ட கோடுகளை விவரித்திருந்தார். வளையம் அந்த மேகங்களை மறைத்துவிட்டால்? அப்போது மையத்திலிருந்து தள்ளி, மெதுவாகச் சுற்றும் வாயுவின் குறுகிய கோடுகள் மட்டும் கிடைக்கும். ஆக்ஸிஜன், நைட்ரஜன் கோடுகளை ஹைட்ரஜன் கோடுகளோடு ஒப்பிட்டு, வாயுவைச் சூடாக்குவது இளம் விண்மீன்களா, கருந்துளையா என்று ஓரளவு பிரிக்கலாம். 1981-இல் பால்ட்வின், பிலிப்ஸ், டெர்லெவிச் மூவரும் முன்வைத்த இந்த வரைபடம் இன்றும் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்வது. ஆனால் ஹீலியத்தை விடக் கனமான தனிமங்கள் குறைவாக இருந்த ஆரம்பகாலக் கேலக்ஸிகளில் இதன் எல்லைக்கோடுகள் மங்கிவிடுகின்றன. அருகில் உள்ள கேலக்ஸிகளுக்கு வரைந்த கோட்டை அப்படியே பழைய பிரபஞ்சத்துக்குப் போடுவது ஆபத்து.

என் பார்வையில் எக்ஸ்-கதிர்தான் மிகச் சுத்தமான சாட்சி. ஒரு கேலக்ஸியில் விண்மீன்கள் எவ்வளவு வேகமாகப் பிறந்தாலும், அது எக்ஸ்-கதிரில் உமிழும் ஆற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு. நொடிக்கு 10-இன் 42-ஆம் அடுக்கு எர்க் என்ற அளவை நடைமுறையில் எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறார்கள். சூரியன் எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து உமிழும் ஆற்றலைப் போல அது சுமார் 26 கோடி மடங்கு. அதைத் தாண்டினால் அநேகமாகக் கருந்துளைதான். எக்ஸ்-கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் விண்வெளிக்குப் போக வேண்டும். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி, தென் வானத்தில் ஒரே இடத்தை மொத்தம் 70 லட்சம் நொடிகள், அதாவது 81 நாட்களுக்குச் சமமான நேரம், உற்றுப் பார்த்தது. அங்கே கிடைத்த சுமார் 1,000 மூலங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் செயல்மிகு கேலக்ஸிகள். அதே அளவு வானத்தில் காணும் ஒளியில் மட்டும் தேடினால் இத்தனை அடர்த்தியாகக் கிடைக்காது.

இதில் தொலைவு நமக்கு உதவியும் செய்கிறது. குறைந்த ஆற்றல் எக்ஸ்-கதிர்களை வாயு எளிதில் உறிஞ்சிவிடும். அதிக ஆற்றல் உள்ளவை ஊடுருவி வந்துவிடும். செம்பெயர்ச்சி 3 என்றால் அலைநீளம் 3 மடங்கு கூடி, மொத்தம் 4 மடங்காகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட ஒரு கேலக்ஸியிலிருந்து வரும் கதிர்களின் ஆற்றல் இங்கே வரும்போது நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். நாம் 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் பிடிப்பது அங்கே 28-ஆகப் புறப்பட்ட கதிர். ஆகவே அருகில் உள்ள கேலக்ஸியில் பார்க்க முடியாத ஊடுருவும் கதிர்களை, தொலைவில் உள்ளதில் அதே கருவியால் பார்க்கிறோம். ஆனாலும் வாயு மிக மிகத் தடிமனாக இருந்தால் எக்ஸ்-கதிரும் தோற்றுவிடும்.

அங்கேதான் அகச்சிவப்பு கைகொடுக்கிறது. மறைத்த தூசி சும்மா இருக்காது, சூடாகும். இளம் விண்மீன்கள் சூடாக்கும் தூசி பெரும்பாலும் சில பத்து கெல்வின் வெப்பநிலையில் இருந்து, 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் உச்சம் காட்டும். கருந்துளைக்கு அருகே உள்ள தூசி 1,500 கெல்வின் வரை போகும். அதற்கு மேல் ஆவியாகிவிடும். அதனால் அது சில மைக்ரான்களிலிருந்து சில பத்து மைக்ரான்கள் வரை வலுவாக ஒளிரும். சாதாரண கேலக்ஸியின் ஒளி 1.6 மைக்ரானில் ஒரு மேடாக எழுந்து, பிறகு சரியும். செயல்மிகு கேலக்ஸியில் அந்தச் சரிவைச் சூடான தூசி நிரப்பிவிடும். 2009-இல் ஏவப்பட்ட வைஸ் தொலைநோக்கி வானம் முழுவதையும் 3.4, 4.6 மைக்ரான் அலைநீளங்களில் படமெடுத்தது. இரண்டாவதில் முதலாவதை விட 0.8 வரிசை எண் (வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு) அளவுக்கு அதிகப் பிரகாசம் இருந்தால் அது பெரும்பாலும் செயல்மிகு கேலக்ஸி என்பது எளிமையான, வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக வேலை செய்யும் விதி. பலவீனமான கருந்துளையாக இருந்தால் விண்மீன் ஒளி அதை மூழ்கடித்துவிடும் என்பது இதன் குறை. மிக அதிகச் செம்பெயர்ச்சியிலும் விதி தளர்ந்துவிடும்.

ரேடியோ அலைகளுக்குத் தூசி ஒரு பொருட்டே அல்ல. அது பெரிய வசதி. ஆனால் குவேசார்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் ரேடியோவில் வலுவாக ஒளிர்கிறது. விண்மீன் பிறப்பும் ரேடியோ அலைகளை உண்டாக்கும். அதன் அளவு தொலை அகச்சிவப்பு ஒளியோடு இறுக்கமாக ஒத்துப்போகும் என்பதால், அகச்சிவப்பை வைத்து எதிர்பார்த்ததைவிட ரேடியோ அதிகமாக இருந்தால் மிச்சம் கருந்துளையுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு அலைநீளங்களைச் சேர்த்தால்தான் இந்த வாதமே செய்ய முடியும்.

ஆக, ஒவ்வொரு முறைக்கும் ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது, அவை ஒரே இடத்தில் இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எல்லா அலைநீளங்களும் ‘ஆம்’ என்று சொல்லும் பொருள், சிக்கல் இல்லாத பொருள். அகச்சிவப்பில் பிரகாசமாக இருந்து எக்ஸ்-கதிரில் கிட்டத்தட்டக் காணாமல் போகும் ஒன்றுதான் அதிகம் சொல்லித்தருகிறது: ஆழப் புதைந்த கருந்துளை என்ற சந்தேகம் அந்த முரண்பாட்டில்தான் பிறக்கிறது. ஒரே முறையில் தேடி எண்ணிக்கை சொன்னால், பிரபஞ்சத்தில் கருந்துளைகள் எப்போது, எவ்வளவு வளர்ந்தன என்ற கணக்கே தவறிப்போகும்.

தொலைவு செய்யும் குழப்பம்

செம்பெயர்ச்சி எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுகிறது. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு 121.6 நானோமீட்டரில், அதாவது புற ஊதாவில், புறப்படுகிறது. செம்பெயர்ச்சி 3 என்றால் அது 486 நானோமீட்டரில், நீலப்பச்சையாக வந்து சேரும். செம்பெயர்ச்சி 6 என்றால் 851 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் விளிம்பு. அதோடு, அந்தக் கோட்டை விடக் குறுகிய அலைநீள ஒளியை வழியில் உள்ள ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். எனவே செம்பெயர்ச்சி 6 உள்ள குவேசார், நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளில் தெரியாது; அகச்சிவப்பின் விளிம்பில் உள்ள கடைசி வடிகட்டியில் திடீரென்று தோன்றும்.

அருமையான அடையாளம்தான். ஆனால் நம் பால்வீதியிலேயே அருகில் உள்ள பழுப்புக் குள்ளன்களும் இதே மாதிரிதான் தோன்றும். இவை விண்மீனாக முழுமை பெறாத, குளிர்ந்த சிறு பொருள்கள். எண்ணிக்கையில் இத்தகைய தொலைதூரக் குவேசார்களை விட மிக அதிகம். இருநூறு ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒன்றும் 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஒளி பயணம் செய்து வந்த ஒன்றும் படத்தில் ஒரே நிறப் புள்ளி. பிரிப்பது எப்படி? இன்னும் நீண்ட அலைநீளத்துக்குப் போக வேண்டும். 1.2 மைக்ரான் அளவில் பழுப்புக் குள்ளன் மேலும் பிரகாசமாகும்; குவேசாரின் ஒளி ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். அந்த ஒரு கூடுதல் அளவீடு போலிகளில் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடும். அப்புறம்தான் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு நிறமாலை எடுப்பார்கள். இந்த வழியில் கிடைத்த ஒன்றுதான் 2021-இல் அறிவிக்கப்பட்ட, செம்பெயர்ச்சி 7.64 உள்ள குவேசார். பெருவெடிப்புக்கு 67 கோடி ஆண்டுகள் கழித்து அதன் கருந்துளை ஏற்கெனவே சுமார் 160 கோடி சூரிய நிறை கொண்டதாக வளர்ந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தது என்பது இன்றும் திறந்திருக்கும் கேள்வி.

எந்தப் புள்ளி எந்தப் புள்ளி?

அறிமுகக் கட்டுரைகள் பொதுவாகத் தொடாமல் போகும் ஒரு நடைமுறைச் சிக்கல் இது. ஒரே பொருளைப் பல தொலைநோக்கிகளில் பார்க்கிறோம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாத் தொலைநோக்கிகளும் ஒரே கூர்மையுடையவை அல்ல. ஒருவர் கதவு எண்ணோடு முகவரி சொல்கிறார், இன்னொருவர் தெருப் பெயரை மட்டும் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வீட்டைத்தான் சொல்கிறார்களா என்று எப்படி முடிவு செய்வது? சந்திரா தன் பார்வையின் நடுவில் அரை வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அளவுக்குப் பிரித்தறியும். நீண்ட அகச்சிவப்பிலும் அதற்கு அப்பாலும் பார்க்கும் பழைய கருவிகளின் புள்ளி பல வில்விநாடி அகலம் கொண்டது. அந்த அகலத்துக்குள் ஹபிள் படத்தில் ஐந்தாறு கேலக்ஸிகள் இருக்கலாம்.

மிக அருகில் இருப்பதையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆழமான படங்களில் அது தவறாகப் போகும், ஏனென்றால் மங்கலான கேலக்ஸிகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. தற்செயலாகவே ஒன்று அருகில் வந்து நிற்கும். அதனால் நிகழ்தகவாகக் கணக்கிடுகிறார்கள். தூரம் எவ்வளவு, இவ்வளவு பிரகாசமான பொருள் இந்தப் பரப்பில் தற்செயலாக விழ வாய்ப்பு எவ்வளவு, அதன் நிறம் செயல்மிகு கேலக்ஸிக்கு உரியதா என்று மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு போட்டியாளருக்கும் மதிப்பெண் தருவார்கள். அரிய, பிரகாசமான பொருள் சற்றுத் தள்ளி இருந்தாலும், நெருங்கி நிற்கும் மங்கலான ஒன்றை விட நம்பத்தக்கதாக இருக்கலாம். இந்த இடத்தில் தவறினால், ஒரு கேலக்ஸியின் எக்ஸ்-கதிரையும் பக்கத்துக் கேலக்ஸியின் தொலைவையும் சேர்த்து, இல்லவே இல்லாத ஒரு பொருளை உருவாக்கிவிடுவோம்.

பொருத்தம் முடிந்த பிறகு, எல்லா அலைநீளங்களிலும் அளந்த பிரகாசத்தை ஒரே வரைபடத்தில் வைத்து, விண்மீன் ஒளி, குளிர்ந்த தூசி, சூடான தூசி, தட்டு என்று ஒவ்வொன்றின் பங்கையும் கணினியில் பிரிக்கிறார்கள். நிறமாலை எடுக்க முடியாத மங்கலான பொருள்களுக்கு இந்த வரைபடத்திலிருந்தே தொலைவையும் தோராயமாகக் கணிப்பது உண்டு.

புதிய பொருள்கள், பழைய விதிகள்

2023-இல் அறிவிக்கப்பட்ட யுஹெச்இசட்1 என்ற கேலக்ஸி இத்தனையும் ஒன்றுசேர்ந்த ஓர் உதாரணம். ஏபல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்குப் பின்னால் வெகு தொலைவில் அது இருக்கிறது. கூட்டத்தின் ஈர்ப்பு வில்லை போலச் செயல்பட்டு அதன் ஒளியைப் பெருக்குகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் அதன் விண்மீன் ஒளியைப் பிடித்து, செம்பெயர்ச்சி சுமார் 10.1 என்று காட்டியது. பெருவெடிப்புக்கு 47 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த கேலக்ஸி. வெப் படத்தில் கருந்துளை இருப்பதற்கான பளிச்சென்ற அடையாளம் எதுவும் இல்லை. சந்திரா அதே இடத்தை இரண்டு வாரங்களுக்கும் மேலான நேரம் பார்த்தபோது அதிக ஆற்றல் எக்ஸ்-கதிர்கள் கிடைத்தன. தடித்த வாயுவால் மூடப்பட்ட, 1 கோடி முதல் 10 கோடி சூரிய நிறை வரை உள்ள கருந்துளை என்று அந்தக் குழு கணித்தது. சந்திரா மட்டும் இருந்திருந்தால் தொலைவு தெரிந்திருக்காது. வெப் மட்டும் இருந்திருந்தால் அது இன்னொரு சாதாரணக் கேலக்ஸி.

இதற்கு நேர் எதிரானவை, வெப் தொலைநோக்கி நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துவரும் ‘சிறு செம்புள்ளிகள்’. அளவில் மிகச் சிறியவை, அழுத்தமான சிவப்பு. பலவற்றின் நிறமாலையில் அகன்ற ஹைட்ரஜன் கோடுகள் இருக்கின்றன. பழைய விதிப்படி அது கருந்துளையின் கையெழுத்து. ஆனால் பெரும்பாலானவற்றில் எக்ஸ்-கதிர் இல்லை; பலவற்றின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தும் சமிக்ஞை மிகப் பலவீனம். சூடான தூசிக்கான அகச்சிவப்பும் எதிர்பார்த்த அளவு தெரியவில்லை. கருந்துளையை அடர்ந்த வாயு ஓர் உறை போல முழுவதும் சூழ்ந்திருப்பதால் எக்ஸ்-கதிர் வெளியே வரவில்லை என்பது பலர் இப்போது ஆராய்ந்துவரும் விளக்கம். அப்படியானால் அந்தக் கோடுகள் அகன்றதற்கு வேகம் மட்டும் காரணமாக இருக்காது. அடர்ந்த வாயுவில் ஒளி சிதறுவதும் காரணமாகலாம். கோட்டின் அகலத்தை வைத்துக் கணக்கிட்ட கருந்துளை நிறைகளையும் அப்போது திருத்த வேண்டியிருக்கும். எது சரி என்று பிரித்துச் சொல்ல, இந்தப் புள்ளிகளை ரேடியோவிலும் நீண்ட அகச்சிவப்பிலும் தேடுகிறார்கள், ஆண்டு இடைவெளிகளில் பிரகாசம் மாறுகிறதா என்று கவனிக்கிறார்கள்.